‘பை த டைம்’: அன்றாட ஆங்கிலப் பேச்சில் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

“நான் ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள ட்ரெயின் கிளம்பிடுச்சு.” “நீங்க வர்றதுக்குள்ள சாப்பாடு ரெடியாயிடும்.” “டாக்டரைப் பாத்துட்டு வெளிய வர்றதுக்குள்ள மத்தியானம் ஆயிடுச்சு.” ஒரு நாளில் இப்படி எத்தனை முறை பேசுகிறோம்! தாமதத்துக்குக் காரணம் சொல்லவும், ஒருவருக்கு வாக்குக் கொடுக்கவும், நடந்ததை விவரிக்கவும் இந்தப் பேச்சு வேண்டியிருக்கிறது. இதையே ஆங்கிலத்தில் சொல்ல வரும்போது பலருக்கு நாக்கு தடுமாறுகிறது. ‘ஐ வென்ட் ஸ்டேஷன், ட்ரெயின் கான்’ என்று துண்டு துண்டாகச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். கேட்பவருக்குப் பாதி புரியும். மீதியை அவரே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் கைகொடுப்பது ‘பை த டைம்’ என்ற மூன்று சொல் தொடர். இதற்கான பொருள் உங்கள் தமிழிலேயே முழுதாக இருக்கிறது. புதிதாகக் கற்க வேண்டியது, அந்தத் தொடருக்குப் பின்னால் எந்த வினை எந்த வடிவில் வரும் என்பது மட்டுமே. படிப்படியாகப் பார்ப்போம். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படியுங்கள்.

படி 1: பொருளைத் தமிழிலிருந்து பிடியுங்கள்

‘பை த டைம்’ வரும் வாக்கியத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கும். ஒன்று எல்லைக்கோடு. மற்றொன்று, அந்த எல்லை வருவதற்குள் முடிந்துவிட்ட அல்லது முடிந்துவிடப் போகிற செயல்.

‘நான் ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள’ என்பது எல்லை. ‘ட்ரெயின் கிளம்பிடுச்சு’ என்பது முடிந்த செயல். எல்லையைச் சொல்லும் பகுதியின் முன்னால்தான் ‘பை த டைம்’ வர வேண்டும்.

பை த டைம் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்.
நான் ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள ட்ரெயின் கிளம்பிடுச்சு.

தமிழில் ‘-வதற்குள்’, பேச்சில் ‘-றதுக்குள்ள’ என்பது சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் ‘பை த டைம்’ அந்தப் பகுதியின் தொடக்கத்தில் நிற்கிறது. ‘-றதுக்குள்ள’ என்று மனத்தில் தோன்றியதும் வாயில் முதலில் ‘பை த டைம்’ வந்துவிட வேண்டும். முதல் பயிற்சி இதுதான்.

படி 2: யார் என்பதையும், முழு வினையையும் சொல்லுங்கள்

தமிழில் ‘வீட்டுக்குப் போறதுக்குள்ள மழை வந்துடுச்சு’ என்றால் போதும். போனது யார் என்று பேச்சின் சூழலிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலம் இதை ஏற்காது. ‘பை த டைம்’ என்றதும் எழுவாய் வர வேண்டும்: ஐ, வி, யூ, ஹி, ஷி, தே அல்லது ஒரு பெயர். அதை அடுத்து, காலம் காட்டும் வினை வர வேண்டும்.

தவறு: பை த டைம் ரீச்சிங் ஹோம், இட் ஹேட் ஸ்டார்டெட் ரெயினிங்.
சரி: பை த டைம் வி ரீச்ட் ஹோம், இட் ஹேட் ஸ்டார்டெட் ரெயினிங்.

‘போவதற்குள்’ என்பதில் காலம் காட்டும் இடைநிலை ஒன்று இருந்தாலும், பேருந்து நேற்றுப் போயிருந்தாலும் நாளை போகப் போவதாக இருந்தாலும் நாம் அதே வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் நேற்றைய பேச்சுக்கு ‘ரீச்ட்’, நாளைய பேச்சுக்கு ‘ரீச்’ என்று வினை மாறும். தமிழர்கள் இதில் சறுக்குவதற்கான காரணம் இந்த வேறுபாடுதான்.

இன்னொன்று: ‘ரீச்’ என்ற வினையை அடுத்து ‘டு’ வராது. ‘ரீச்ட் டு த ஸ்டேஷன்’ தவறு. ‘ரீச்ட் த ஸ்டேஷன்’ சரி. அதேபோல ‘ரீச்ட் ஹோம்’ என்றால் போதும்.

படி 3: நடந்து முடிந்ததைச் சொல்ல ‘ஹேட்’

கடந்த காலத்தைப் பேசும்போது சூத்திரம் இது:

பை த டைம் + எழுவாய் + சாதாரண இறந்தகால வினை, எழுவாய் + ஹேட் + வினையின் மூன்றாம் வடிவம்.

மூன்றாம் வடிவம் என்பது பள்ளியில் ‘தேர்டு ஃபார்ம்’ அல்லது ‘வி த்ரீ’ என்று சொல்லித் தந்தது. கோ, வென்ட், கான் என்பதில் ‘கான்’. ஈட், ஏட், ஈட்டன் என்பதில் ‘ஈட்டன்’.

பை த டைம் ஐ காட் அப், மை ப்ரதர் ஹேட் கான் டு ஸ்கூல்.
நான் எழுந்திருக்கிறதுக்குள்ள தம்பி ஸ்கூலுக்குப் போயிட்டான்.

பை த டைம் வி வென்ட் டு த பேங்க், தே ஹேட் க்ளோஸ்ட் த கவுன்டர்.
நாங்க பேங்குக்குப் போறதுக்குள்ள கவுன்டரை மூடிட்டாங்க.

பை த டைம் ஷி கேம், எவ்ரிபடி ஹேட் ஈட்டன்.
அவங்க வர்றதுக்குள்ள எல்லாரும் சாப்பிட்டு முடிச்சிட்டாங்க.

தமிழ் வாக்கியங்களின் முடிவைக் கவனியுங்கள்: ‘போயிட்டான்’, ‘மூடிட்டாங்க’, ‘முடிச்சிட்டாங்க’. எல்லாவற்றிலும் ‘விடு’ என்ற துணைவினை இருக்கிறது. செயல் முழுதாக முடிந்தது என்பதை அது காட்டுகிறது. இந்த வகை வாக்கியங்களில் அந்த ‘விட்டது’ இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹேட்’ வைக்கலாம். அழுத்தம் வேண்டுமானால் ‘ஆல்ரெடி’ சேர்த்து ‘ஹேட் ஆல்ரெடி லெஃப்ட்’ என்று சொல்லுங்கள். ‘அதற்குள்ளாகவே கிளம்பிவிட்டது’ என்ற பொருள் கிடைக்கும்.

அன்றாடப் பேச்சுக்கு முதலில் இந்த வினைகளின் மூன்றாம் வடிவங்கள் போதும்: லெஃப்ட் (கிளம்பு), கான் (போ), கம் (வா), ஈட்டன் (சாப்பிடு), ஃபினிஷ்ட் (முடி), ஸ்டார்டெட் (தொடங்கு), க்ளோஸ்ட் (மூடு), சோல்ட் (விற்றுவிடு), டன் (செய்), ரிட்டன் (எழுது).

படி 4: நிலையைச் சொல்ல ‘வாஸ்’

எல்லா வாக்கியத்திலும் ‘ஹேட்’ வர வேண்டியதில்லை. இரண்டாம் பகுதியில் ஒரு செயல் இல்லாமல், அந்த நேரத்து நிலை மட்டும் இருந்தால் ‘வாஸ்’ அல்லது ‘வேர்’ போதும்.

பை த டைம் வி ரீச்ட் மதுரை, இட் வாஸ் டார்க்.
நாங்க மதுரை போய்ச் சேர்றதுக்குள்ள இருட்டிடுச்சு.

பை த டைம் ஐ கேம் ஹோம், த சில்ட்ரன் வேர் அஸ்லீப்.
நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள பிள்ளைங்க தூங்கிட்டாங்க.

பை த டைம் த மீட்டிங் எண்டெட், ஐ வாஸ் டயர்ட்.
மீட்டிங் முடியறதுக்குள்ள எனக்குக் களைப்பா ஆயிடுச்சு.

மூன்றாம் வடிவம் நினைவுக்கு வராமல் திணறும்போது இந்த ‘வாஸ்’ வாக்கியங்கள் உதவும். ‘கடையை மூடிவிட்டார்கள்’ என்பதை ‘த ஷாப் வாஸ் க்ளோஸ்ட்’ என்று நிலையாகச் சொல்லலாம். தொடக்கத்தில் இந்த வகையை நிறையப் பேசிப் பழகுங்கள். ‘பை த டைம்’ நாவில் படிந்த பிறகு ‘ஹேட்’ வாக்கியங்கள் எளிதாகும்.

படி 5: வரப்போவதைச் சொல்லும்போது முதல் பகுதியில் ‘வில்’ வராது

தொடக்கநிலையில் அதிகமாக நேரும் பிழை இங்கேதான். ‘நீங்க வர்றதுக்குள்ள’ என்பது எதிர்காலம்தானே என்று ‘பை த டைம் யூ வில் கம்’ என்கிறோம். ஆங்கில இலக்கணத்தில், நேரத்தைக் குறிக்கும் இத்தகைய துணைப்பகுதியில் எதிர்காலத்துக்கும் நிகழ்கால வினையே வரும். ‘வில்’ இரண்டாம் பகுதிக்கு மட்டுமே உரியது.

பை த டைம் + எழுவாய் + சாதாரண நிகழ்கால வினை, எழுவாய் + வில் ஹேவ் + மூன்றாம் வடிவம்.

பை த டைம் யூ கம், ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் த குக்கிங்.
நீங்க வர்றதுக்குள்ள நான் சமையலை முடிச்சிருப்பேன்.

பை த டைம் ஷி ரீச்சஸ் சென்னை, வி வில் ஹேவ் லெஃப்ட்.
அவ சென்னை வந்து சேர்றதுக்குள்ள நாங்க கிளம்பியிருப்போம்.

இரண்டாவது வாக்கியத்தில் ‘ரீச்சஸ்’ என்று இருப்பதைப் பாருங்கள். ஹி, ஷி, இட், தனிப்பெயர் ஆகியவற்றுக்கு நிகழ்கால வினையில் ‘எஸ்’ ஒலி சேரும்.

இங்கேயும் நிலையைச் சொல்லும் எளிய வழி உண்டு: ‘வில் பி’.

பை த டைம் யூ கம், த ஃபுட் வில் பி ரெடி.
நீங்க வர்றதுக்குள்ள சாப்பாடு ரெடியாயிடும்.

தினமும் நடக்கும் வழக்கத்தைச் சொல்ல இரண்டு பகுதியிலும் நிகழ்காலமே போதும்:

பை த டைம் ஐ கெட் ஹோம், மை டாட்டர் இஸ் யூஷுவலி அஸ்லீப்.
நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள பொதுவா என் பொண்ணு தூங்கிடுவா.

படி 6: மணியும் நாளும் வந்தால் வெறும் ‘பை’

‘அஞ்சு மணிக்குள்ள’, ‘திங்கட்கிழமைக்குள்ள’ என்பவற்றில் வினை இல்லை. நேரத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. இவற்றுக்கு ‘பை’ மட்டும் போதும்: பை ஃபைவ் ஓ’க்ளாக், பை மண்டே. ‘பை த டைம் ஃபைவ் ஓ’க்ளாக்’ என்பது தவறு. ‘அதுக்குள்ள’ என்பதற்கு ‘பை தென்’.

தமிழில் ‘உள்’ என்ற ஒரே சொல் இன்னொரு வேலையும் செய்கிறது. ‘அஞ்சு மணிக்குள்ள வாங்க’ என்பதிலும் ‘அஞ்சு மணி நேரத்துக்குள்ள வாங்க’ என்பதிலும் அதே ‘உள்’ளே வருகிறது. முன்னது கடிகாரத்தில் ஒரு புள்ளி. பின்னது ஒரு கால அளவு. ஆங்கிலத்தில் புள்ளிக்கு ‘பை’, அளவுக்கு ‘விதின்’.

ப்ளீஸ் கம் பை ஃபைவ் ஓ’க்ளாக். (5 மணிக்குள்)
ப்ளீஸ் கம் விதின் ஃபைவ் அவர்ஸ். (5 மணி நேரத்துக்குள்)

‘விதின் ஃபைவ் ஓ’க்ளாக்’ என்று அலுவலகங்களில் அடிக்கடி கேட்கிறோம். இன்றோடு அதை விட்டுவிடலாம்.

‘வரைக்கும்’ என்று வந்தால் ‘டில்’ அல்லது ‘அன்டில்’. ‘அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்’ என்பது ‘ஐ வில் பி ஹியர் டில் ஃபைவ்’. செயல் தொடர்ந்து நீடித்தால் ‘டில்’, முடிவதற்கான கெடுவானால் ‘பை’. தமிழர்களுக்கு இது கடினமே இல்லை. ‘குள்’, ‘வரை’ என்ற வேறுபாடு நம் மொழியில் தெளிவாக இருக்கிறது. ரேமண்ட் மர்ஃபி எழுதி, 1985-இல் முதல் பதிப்பு வந்த ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ நூல் ‘பை’, ‘அன்டில்’, ‘பை த டைம்’ மூன்றையும் ஒரே பாடத்தில் வைத்து விளக்குகிறது. மேலும் பயிற்சி செய்ய விரும்புவோர் அந்தப் பாடத்தைத் தேடிப் படிக்கலாம்.

படி 7: எந்த ‘-றதுக்குள்ள’ ‘பிஃபோர்’ ஆகும்?

எல்லா ‘-றதுக்குள்ள’வையும் ‘பை த டைம்’ ஆக்கிவிட முடியாது. இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்:

மழை வர்றதுக்குள்ள துணியை எடுத்துடு.
நான் பேசி முடிக்கிறதுக்குள்ள அவர் போனை வெச்சிட்டார்.

முதல் வாக்கியத்தில் மழையை முந்திக்கொள்ளச் சொல்கிறோம். இரண்டாவதில் பேச்சு முடியவே இல்லை, நடுவில் அறுபட்டுவிட்டது. இரண்டுக்கும் ‘பிஃபோர்’தான் பொருந்தும்:

டேக் த க்ளோத்ஸ் இன்சைட் பிஃபோர் இட் ரெயின்ஸ்.
ஹி ஹங் அப் பிஃபோர் ஐ குட் ஃபினிஷ்.

சோதித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும். எல்லையாகச் சொல்லும் நிகழ்ச்சி உண்மையிலேயே நடந்ததா, அல்லது நிச்சயம் நடக்கப் போகிறதா? ஆம் என்றால், அந்த நேரத்தில் நிலவரம் என்ன என்பதைச் சொல்ல ‘பை த டைம்’. அந்த நிகழ்ச்சி தடைப்பட்டாலோ, அதை முந்திக்கொள்வதே நோக்கமாக இருந்தாலோ ‘பிஃபோர்’. ‘நான் திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிடு’ என்பதில் நான் வரப்போவது நிச்சயம். எனவே ‘ஃபினிஷ் இட் பை த டைம் ஐ கம் பேக்’ என்பது சரியான ஆங்கிலம்.

‘வென்’ என்ற சொல்லோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டாப், த பஸ் லெஃப்ட்’ என்றால், நான் போய்ச் சேர்ந்தேன், உடனே பேருந்து கிளம்பியது என்று பொருள்படும். அதைக் கண்ணால் பார்த்திருப்பேன். ‘பை த டைம் ஐ ரீச்ட் த ஸ்டாப், த பஸ் ஹேட் லெஃப்ட்’ என்றால், நான் போனபோது அங்கே பேருந்தே இல்லை.

படி 8: நிறுத்தத்தையும் ஒலியையும் பழகுங்கள்

‘பை த டைம்’ பகுதி முதலில் வந்தால், அது முடிந்ததும் எழுத்தில் ஒரு காற்புள்ளி, பேச்சில் ஒரு சிறு நிறுத்தம் வேண்டும். அந்தப் பகுதி பின்னால் வந்தால் இரண்டும் வேண்டியதில்லை.

பை த டைம் வி வென்ட் இன், த ஃபிலிம் ஹேட் ஸ்டார்டெட்.
த ஃபிலிம் ஹேட் ஸ்டார்டெட் பை த டைம் வி வென்ட் இன்.

பொருள் ஒன்றுதான். முதல் வடிவம் தமிழ் வரிசையோடு ஒத்துப்போவதால் அதிலிருந்து தொடங்குங்கள். ஒலிக்கும்போது அழுத்தம் ‘டைம்’ என்பதில் விழட்டும். ‘த’ லேசாக ஒலிக்கட்டும். வேகமான பேச்சில் ‘ஐ ஹேட்’ என்பது ‘ஐட்’ என்றும், ‘வில் ஹேவ்’ என்பது ‘வில்லவ்’ என்றும் சுருங்கிக் கேட்கும். கேட்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும். பேசும்போது முழுதாகச் சொல்வதில் குறை ஏதும் இல்லை.

படி 9: ஓர் உரையாடலில் எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்

அலுவலகத்துக்குத் தாமதமாக வந்த ஊழியரும் மேலாளரும் பேசுகிறார்கள்.

மேலாளர்: ஒய் ஆர் யூ லேட் டுடே?
ஊழியர்: சாரி சார். மை பஸ் ப்ரோக் டவுன். பை த டைம் த நெக்ஸ்ட் பஸ் கேம், இட் வாஸ் நைன் தர்ட்டி.
மேலாளர்: ஓகே. வென் வில் யூ ஃபினிஷ் த ரிப்போர்ட்?
ஊழியர்: பை ஃபோர் ஓ’க்ளாக், சார்.
மேலாளர்: த கஸ்டமர் இஸ் கமிங் அட் ஃபைவ்.
ஊழியர்: பை தென் எவ்ரிதிங் வில் பி ரெடி. பை த டைம் ஹி கம்ஸ், ஐ வில் ஹேவ் ப்ரின்டெட் இட், சார்.

இந்தச் சிறு பேச்சில் ‘வாஸ்’, வெறும் ‘பை’, ‘பை தென்’, ‘வில் ஹேவ்’ நான்கும் வந்துவிட்டன. ஊழியர் தாமதத்துக்குக் காரணமும் சொல்லிவிட்டார், உறுதியும் கொடுத்துவிட்டார். நண்பர் ஒருவரோடு இதை மாறி மாறிப் பேசிப் பாருங்கள்.

படி 10: தெரிந்த வரலாற்றை வைத்துப் பயிற்சி செய்யுங்கள்

எது முன், எது பின் என்று நிச்சயமாகத் தெரிந்த நிகழ்ச்சிகள் ‘ஹேட்’ பழக மிகவும் ஏற்றவை.

1912 ஏப்ரல் 15 அதிகாலை 2.20 மணிக்கு டைட்டானிக் மூழ்கியது. உதவிக்கு விரைந்த கார்பேத்தியா கப்பல் ஏறத்தாழ 4 மணிக்குத்தான் அங்கே வந்தது.
பை த டைம் த கார்பேத்தியா அரைவ்ட், த டைட்டானிக் ஹேட் சங்க்.

பாரதியார் 1921-இல் மறைந்தார். நாடு 1947-இல் விடுதலை பெற்றது.
பை த டைம் இந்தியா பிகேம் ஃப்ரீ, பாரதியார் ஹேட் பாஸ்ட் அவே.

ராமானுஜன் 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அதற்கு முன்பே அவருடைய கட்டுரைகள் இந்தியக் கணித இதழில் வெளிவந்திருந்தன.
பை த டைம் ராமானுஜன் வென்ட் டு இங்கிலாண்ட், ஹி ஹேட் ஆல்ரெடி பப்ளிஷ்ட் பேப்பர்ஸ்.

2006 மே மாதம் பிறந்த குகேஷ் 2024 டிசம்பரில் உலகச் சதுரங்க சாம்பியன் ஆனார்.
பை த டைம் குகேஷ் டர்ன்ட் நைன்டீன், ஹி ஹேட் பிகம் வேர்ல்ட் சாம்பியன்.

உங்கள் ஊர், குடும்பம், படிப்பு ஆகியவற்றிலிருந்தும் இப்படி இரண்டு ஆண்டுகளை எடுத்து வாக்கியம் அமையுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

விடையைப் பார்க்காமல் முதலில் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

1. நாங்க கல்யாணத்துக்குப் போறதுக்குள்ள தாலி கட்டிட்டாங்க.
2. நீ குளிச்சிட்டு வர்றதுக்குள்ள காபி ரெடியாயிடும்.
3. வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டிடுவேன்.
4. அம்மா வர்றதுக்குள்ள வீட்டைக் கூட்டியிருப்பேன்.
5. பால் பொங்கி வழியறதுக்குள்ள அடுப்பை அணை.

விடைகள்:

1. பை த டைம் வி ரீச்ட் த வெட்டிங், தே ஹேட் டைட் த தாலி.
2. பை த டைம் யூ ஃபினிஷ் யுவர் பாத், த காஃபி வில் பி ரெடி.
3. ஐ வில் பே த மனி பை ஃப்ரைடே.
4. பை த டைம் அம்மா கம்ஸ், ஐ வில் ஹேவ் ஸ்வெப்ட் த ஹவுஸ்.
5. டர்ன் ஆஃப் த ஸ்டவ் பிஃபோர் த மில்க் பாய்ல்ஸ் ஓவர்.

ஐந்தாவதில் ‘பிஃபோர்’ வந்தது ஏன் என்று உங்களால் சொல்ல முடிந்தால் ஏழாம் படி உங்களுக்கு வசப்பட்டுவிட்டது.

ஒரு வாரத் திட்டம்

முதல் இரண்டு நாள் ‘வாஸ்’ வாக்கியங்கள் மட்டும். அடுத்த இரண்டு நாள் ‘ஹேட்’. ஐந்தாம், ஆறாம் நாள் ‘வில் பி’, ‘வில் ஹேவ்’. ஏழாம் நாள் எல்லாவற்றையும் கலந்து பேசுங்கள். ஒவ்வொரு நாளும் இரவில், அன்று நடந்தவற்றிலிருந்து மூன்று வாக்கியங்களை நோட்டில் எழுதி, சத்தமாகப் படியுங்கள். புத்தக வாக்கியங்களைவிட உங்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்த வாக்கியங்கள் நினைவில் நிற்கும்.

பிழை வருமே என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். ‘ஹேட்’ விட்டுப்போனாலும் கேட்பவருக்குப் பொருள் புரியும். அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். இன்று ‘-றதுக்குள்ள’ என்று தமிழில் சொல்லும் முதல் வாக்கியத்தை எடுத்து, ‘பை த டைம்’ வைத்து ஒருமுறை ஆங்கிலத்திலும் சொல்லிவிடுங்கள். பயிற்சியை அங்கிருந்தே தொடங்குங்கள்.